அரை வரிக்கு அரைக் கை

"அரை வரிப் பொம்பளைங்கெல்லாம் ரெண்டு ரெண்டு பேரா நின்னுக்கோணும். ரெண்டு பேருக்கு ஒரு கை. ஒத்துப் போகலீன்னா அந்தக் கை கணக்குல இல்லை."

எங்கள் ஊர்க் களத்தில் நின்று பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் செங்கோடக் கவுண்டர் இப்படிச் சொன்னபோது நல்ல வெயில். கடலைக்கொடிப் போரிலிருந்து காய்ந்த மண் வாசனை வந்துகொண்டிருந்தது. ஆண்கள் துண்டை விரித்தும் கோணியை விரித்தும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சேலைக்காரிகளான நாங்கள் போர் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம்.

யார் யாரோடு சேருவது என்று ஒருத்தி கேட்டாள். வீட்டு வரிசைப்படி, பக்கத்து வீடும் பக்கத்து வீடும் என்றார் கணக்குப்பிள்ளை.

நான் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்து வீடு ராமாயி அக்கா வீடு. என் வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம், எனக்கு ஓரகத்தி. அவளும் நானும் முகம் பார்த்துப் பேசி வருஷக் கணக்காகியிருந்தது. அவளும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் கட்டியிருந்த யாருடைய மாட்டையோ பார்த்து, "தலையெழுத்து" என்றாள்.

அடுத்த வாரம் இதே களத்தில் ஊர் கை தூக்கப் போகிறது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கை. போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணக் கதையை எழுதியிருந்தேன். கல்யாணத்தில் இருந்த படபடப்பு இதில் பாதிகூட இல்லை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூடம் வந்த கதை

மேட்டூர் அணை கட்டி முடித்த புதிது. ஊரில் யாரைப் பார்த்தாலும் அணையைப் போய்ப் பார்த்தீர்களா என்பதுதான் பேச்சு. திருச்செங்கோட்டு மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கடலைக்காட்டில் களை வெட்டும் எங்களுக்கு அணை எங்கே, நாங்கள் எங்கே. ஆனால் அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கும் ஒரு ஆபீசர் சைக்கிளில் வந்தார்.

அவர் சொன்னது இதுதான். ஊருக்குப் பொதுவாக ஒரு கூடம் கட்டிக்கொள்ளுங்கள். பாதிச் செலவு சர்க்கார் கொடுக்கும். மீதிப் பாதிக்கு வீட்டு வரியோடு கூடக் கொஞ்சம் வரி போட்டு, சில வருஷங்களில் ஊர் கட்டித் தீர்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கை தூக்கி, ஆகும் என்பவர்கள் அதிகம் இருந்தால் கூடம். சரிக்குச் சரி நின்றால்கூடக் கிடையாது.

ஓடு வேய்ந்த கூடம், நாலு பக்கமும் ஜன்னல், சிமெண்டுத் தரை. பகலில் பிள்ளைகள் படிக்கலாம். சாயங்காலம் யாராவது பேப்பர் வாசித்தால் கேட்கலாம். மழைக்கு ஒதுங்கலாம். வரி கட்டுகிற வீட்டார் யாராக இருந்தாலும் உள்ளே வந்து உட்காரலாம், எந்தத் தெருக்காரரையும் தடுக்கக் கூடாது.

இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே பேச்சு பெரிய தோட்டத்து நாச்சிமுத்துக் கவுண்டருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. அவருக்கு ஊரில் நாலைந்து வீடு. வரியும் ஏறும், தெற்குத் தெருக்காரர்கள் பக்கத்தில் வந்து உட்காரவும் உட்காருவார்கள். கோயில் மண்டபம் இருக்கிறது, வேப்பமரத்தடி இருக்கிறது, இன்னும் எதற்கு ஒரு கூடம் என்று வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தார்.

அந்த மண்டபத்திலும் மரத்தடியிலும் யார் உட்காருகிறார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

எங்களுக்கு மட்டும் அரைக் கூறு

சேலம் டவுனில் இருக்கும் என் பேத்தி, "அதென்ன ஆத்தா, அரை வரி?" என்று கேட்டாள். படிக்கிற உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

எங்கள் பக்கத்தில் திருவிழாவை நோம்பி என்போம். மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண்பிள்ளை இருக்கும் வீடு முழுத் தலைக்கட்டு. அவன் செத்துப்போனால் மறுவருஷமே அந்த வீடு அரைத் தலைக்கட்டு. பாவம், ஆம்பளை இல்லாத வீடு, பாதி கொடுத்தால் போதும் என்று ஊர் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை. இரக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிடாய் வெட்டிக் கறியைக் கூறு போடும்போது எங்களுக்கும் அரைக் கூறுதான் வரும். அரைக் கூற்றில் எலும்புதான் அதிகம் இருக்கும். அது மட்டும் எப்படியோ தவறவே தவறாது.

பஞ்சாயத்து வந்து வீட்டு வரி என்று ஒன்று வந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கோயில் வரிக் கணக்கையே எடுத்துச் சர்க்கார் வரிக் கணக்காக எழுதி வைத்துவிட்டார்கள். சட்டப்படி வரி வீட்டுக்கு. வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. எங்கள் ஊருக்கு அது தெரியாது. மாரியம்மனுக்கு அரை என்றால் மகாராஜாவுக்கும் அரைதான் என்று வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் காசு மிச்சம், நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கை தூக்கும் நாள் வந்ததும், அரை வரி கட்டுகிறவளுக்கு முழுக் கை எப்படி என்று நாச்சிமுத்துக் கவுண்டர் ஒரு கேள்வி போட்டார். பிரசிடெண்ட் நல்ல மனுஷர், ஆனால் யார் கேள்வி கேட்டாலும் அது நியாயம்தானே என்று தோன்றிவிடும் ஆள். மோவாயைத் தடவித் தடவி யோசித்து, அரையும் அரையும் ஒன்று என்று கண்டுபிடித்தார்.

வந்திருந்த ஆபீசரிடம் சொன்னார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, உங்கள் ஊர் வழக்கம் உங்களோடு, எனக்கு உண்டா இல்லையா என்று முடிவாகச் சொன்னால் போதும் என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அமாவாசைச் சண்டை

ராமாயி அக்காவோடு எனக்கு என்ன சண்டை என்று கேட்காதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள் செல்லம்மாள். அதைச் சொல்லாமல் கதை விளங்காது என்கிறாள். சரி.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு. காளை பூட்டித் தோல்சாலில் இறைக்கும் கவலைக் கிணறு. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. அண்ணனும் தம்பியும் உயிரோடு இருந்தவரை வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் அது பாட்டுக்குப் போயிற்று. அண்ணன் காய்ச்சலில் போனார். இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் பாம்பு தீண்டிப் போனார். கிணறு எங்கள் இரண்டு பேர் கைக்கு வந்தது.

அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் மாடு பூட்ட மாட்டார்கள். அமாவாசை என் முறையில் வந்தால் மறுநாள் யார் இறைப்பது? என் முறை ஒரு நாள் தள்ளிப் போகும் என்றேன் நான். போன முறை போனதுதான், மறுநாள் என்னுடையது என்றாள் அவள். அன்றைக்கு ஆரம்பித்தது. இன்றைக்கும் சொல்கிறேன், முறை தள்ளித்தான் போகும். இல்லை என்று சொல்கிறவர்கள் பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்க மாட்டார்கள்.

பேச்சு நின்றதே தவிரத் திட்டு நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் மார்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் அவள் எருமையிடம் பேசுவாள். இந்தப் பக்கம் நான் செவலைக் காளையிடம் பேசுவேன். இரண்டு பிராணிகளும் எங்கள் வீட்டு வழக்கை ஊரில் யாரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன.

வண்டிக்கூண்டின் அடியில்

எனக்கு ஏன் அந்தக் கூடத்தின்மேல் அத்தனை ஆசை?

ஒரு புரட்டாசியில் கோயில் முன்னால் கதை சொல்ல ஆள் வந்திருந்தார். கணீரென்ற குரல். ஊரே கூடியிருந்தது. பாதிக் கதையில் மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் மண்டபத்தில் ஏறிக்கொண்டார்கள். மஞ்சள் பூசிய பெண்கள் மடப்பள்ளித் தாழ்வாரத்தில் நெருக்கிக்கொண்டார்கள். நல்ல நாளில் நாங்கள் அங்கே போய் அவர்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தெற்குத் தெருக்காரர்கள் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். நாங்கள் நிறுத்தியிருந்த வண்டிகளுக்குள்ளும் அடியிலும் ஒண்டினோம்.

நான் ஒண்டிய வண்டிக்கூண்டின் அடியில் எனக்கு முன்னாலேயே ராமாயி அக்கா இருந்தாள். இரண்டு பேரும் தோள் இடிக்க, பேசாமல், மழை நிற்கும் வரைக்கும் குந்திக்கொண்டிருந்தோம். மண்டபத்துக்குள் கதை தொடர்ந்து நடந்தது. சிரிப்புச் சத்தம் வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வீடு, காடு, கிணறு. இவற்றை விட்டால் நான் உட்கார இந்த ஊரில் ஓர் இடம் இல்லை. நாலு பேர் பேசுவதைக் கேட்க வேண்டும், நானும் நாலு வார்த்தை பேச வேண்டும், யாரும் "தள்ளிப் போ" என்று சொல்லக் கூடாது. இவ்வளவுதான் என் ஆசை. வரி கட்டினவர் யாரும் உட்காரலாம் என்று அந்த ஆபீசர் சொன்னபோது, அட, இதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா என்றுதான் எனக்கு இருந்தது.

எருமைக்குச் சொன்ன பதில்

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு.

ராமாயி அக்கா கூடம் வேண்டாம் என்கிற கட்சி. சும்மா சொல்லவில்லை, அவளுக்குக் காரணம் இருந்தது. எருமை போக அவளிடம் ஒற்றைக் காளைதான். கவலை இறைக்க ஜோடி வேண்டும். நாச்சிமுத்துக் கவுண்டர் தோட்டத்திலிருந்து ஒரு மாட்டை இரவல் வாங்கித்தான் இறைத்தாள். சொந்தமாக இன்னொரு மாடு வாங்க அரைக்கால் காசு விடாமல் சேர்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் கையால் காக்காய் ஓட்ட மாட்டாள் என்று ஊர் சொல்லும். வரி ஏறினால் மாடு வாங்குவது தள்ளிப் போகும். கவுண்டருக்கு எதிராகக் கை தூக்கினாலோ இரவல் மாடும் போய்விடும்.

முதல் நாள் பணியாரம் சுட்டு ஒரு கிண்ணத்தில் வைத்துச் சுவர்மேல் வைத்தேன். கிண்ணம் கழுவித் துடைத்துச் சுவர்மேல் திரும்பி வந்தது.

மறுநாள் என் காளையைத் தடவிக்கொண்டே, ஓடு வேய்ந்த கூடம் என்றால் மழைக்கு ஒழுகாதாமே என்று உரக்கச் சொன்னேன். கூடமாம் கூடம், காற்று வாங்கக்கூட வரி கட்டச் சொல்கிறார்கள் என்று அந்தப் பக்கம் எருமைக்குச் சேதி போயிற்று.

அதற்கு அடுத்த நாள், கூடம் வந்தால் பிள்ளைகள் படிக்கும் என்றேன் காளையிடம். படித்து என்ன, பிள்ளைகளும் சித்தி மாதிரி சட்டம் பேசக் கற்றுக்கொள்ளும் என்றாள் எருமையிடம். எனக்கு வந்த கோபத்தில் காளையைத்தான் ஒரு தட்டுத் தட்டினேன். அது திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கை தூக்கும் நாளுக்கு முந்தின நாள் அவள் முறை. அவள் இறைத்துக்கொண்டிருந்தாள். நான் விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். மாட்டிடம் சொல்லவில்லை. அவளிடமே சொன்னேன்.

"அக்கா, எனக்கு உக்கார ஒரு எடம் வேணும்."

அவள் மாட்டை நிறுத்தவில்லை. சால் நிறைந்து மேலே வந்து கொட்டியது.

"உக்கார எடம் வேணும்னா உன்ற ஊட்டு வாசல்ல உக்காரு புள்ள" என்றாள்.

வருஷக் கணக்குக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. திட்டுத்தான். ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் ஒரு பக்கம், நாளைக்குக் கூடம் போயிற்று என்கிற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். அன்று ராத்திரி செல்லம்மாளை இரண்டு தடவை காரணமில்லாமல் அதட்டினேன். "மூணு தடவை" என்கிறாள் அவள், எழுதிக்கொண்டே.

எண்ண வைத்த கடலை

விடிந்தது. களம் நிறைந்துவிட்டது. தேர் நோம்பிக்குக்கூட இத்தனை கூட்டம் பார்த்ததில்லை. ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சைக்கிளில் வரவில்லை, திரும்பிப் போகச் சேலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எண்ணுவதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு முறம். ஆகும் என்ற கைக்கு ஒரு கடலைக்காயை இந்த முறத்தில் போடுவது, ஆகாது என்ற கைக்கு ஒரு கடலைக்காயை அந்த முறத்தில் போடுவது. முறம் இரண்டும் பிரசிடெண்ட் முன்னால் இருந்தன.

வீடு வீடாகப் பெயர் கூப்பிடக் கூப்பிடக் கைகள் எழுந்தன. ஆகும். ஆகாது. ஆகாது. ஆகும். கடலை வியாபாரி காதர் ராவுத்தர் முறை வந்தபோது, ஓடு போடுவது நிச்சயம் என்றால் இரண்டு கையையும் தூக்கத் தயார், மழைக்குத் தன் மூட்டைகளும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்றார். ஒரு கை போதும் ராவுத்தரே என்று பிரசிடெண்ட் சொல்ல, களமே சிரித்தது. தெற்குத் தெருக்காரர்கள் களத்தின் ஓரத்தில் நின்றபடியே கை தூக்கினார்கள். அத்தனையும் ஆகும்.

முழு வரிக்காரர்கள் முடிந்ததும் முறத்தை எண்ணினார்கள். எங்கேயோ உதைத்தது. கூப்பிட்ட வீடுகளைவிடக் கடலைக்காய் குறைவாக இருந்தது. நாச்சிமுத்துக் கவுண்டர் ஆட்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். இந்தப் பக்கத்து ஆட்களும் எழுந்தார்கள். அப்போதுதான் கணக்குப்பிள்ளை பிரசிடெண்டின் காலடியைப் பார்த்தார். காலடியில் கடலைத் தோல்.

மனுஷர் வேண்டுமென்று செய்யவில்லை. முறத்தில் கடலைக்காயை வைத்து முன்னால் நீட்டினால் எங்கள் ஊர்க்காரர் கை சும்மா இருக்காது. யோசனையில் ஊரின் தீர்மானத்தை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டார். ராவுத்தர் கடையிலிருந்து புளியங்கொட்டை வந்தது. மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டார்கள்.

அடுத்தது நாங்கள். ஜோடி ஜோடியாக வந்தோம். ஒரு ஜோடி ஆகும் என்றது. ஒரு ஜோடி அங்கேயே சண்டை போட்டுக்கொண்டதில் அந்தக் கை கணக்கில் இல்லாமல் போயிற்று. இன்னொரு ஜோடி ஆகாது என்றது. கணக்குப்பிள்ளை இரண்டு முறத்தையும் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். எழுந்து நின்று, சரிக்குச் சரி என்றார்.

பாக்கி இருந்தது எங்கள் ஜோடி மட்டும்.

நானும் அவளும் ஒரு முழ இடைவெளி விட்டு நின்றோம். பிரசிடெண்ட் அவளைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் நாச்சிமுத்துக் கவுண்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"ராமாயிகிட்ட எதுக்குங்க கேக்கோணும்? என்ற மாட்டக் கட்டி எறைக்கறவ. அவ கை என்ற கையாட்டத்தான். ஆகாதுன்னு எழுதிக்குங்கோ."

அவர் அதை அதட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாக, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ரெண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். முடிந்தது, கூடமும் இல்லை, மண்ணும் இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. கவலைக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை, சொரசொரவென்று. என் கையைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து, தலைக்குமேல் தூக்கிவிட்டாள் ராமாயி அக்கா.

பிரசிடெண்டுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகும் என்கிறாயா, ஆகாது என்கிறாயா என்று கேட்டார்.

"இவ கையோட சேத்துத் தூக்கியிருக்கறது தெரியலீங்களா? ஆகும்ங்க."

நாச்சிமுத்துக் கவுண்டர் எழுந்து துண்டை உதறினார். நாளையிலிருந்து மாடு வராது என்றார்.

"இன்னிக்கே அவுத்துட்டுப் போங்கோ. மாடு உங்களுது. கை என்றது."

அப்புறம் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வது! துண்டுகள் பறந்தன. தெற்குத் தெரு ஆட்கள் பறையை எடுக்க ஓடினார்கள். ராவுத்தர் கடலை மூட்டையை அவிழ்த்து, இந்தாருங்கள், இனி எண்ண வேண்டியதில்லை, தின்னுங்கள் என்று அள்ளி அள்ளிக் கொடுத்தார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நிமிஷம் ராமாயி அக்காவைக் கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முழு வரி

எல்லாரும் எழுந்து கலையும்போது அவள் மட்டும் நகரவில்லை. என் மணிக்கட்டையும் விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு நேரே ஆபீசர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். பிரசிடெண்டும் பக்கத்தில் இருந்தார்.

"ஏனுங்க, நாளையிலிருந்து எனக்கு முழு வரி போடுங்கோ."

பிரசிடெண்ட் பதறிப்போனார். ஊர் பார்த்துக் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரி சொல்வாள் என்றார். மாடும் போயிற்று, புது வரியும் வரப்போகிறது, கை நிறைய வைத்திருக்கிறாயா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவள் சேர்த்து வைத்திருந்த காசு எதற்கு என்று ஊருக்கே தெரியும்.

"இனியொருக்கா இவகூடச் சேந்து ஒரு கையத் தூக்க என்னால ஆகாதுங்க. எவ்வளவு ஆனாலும் கட்டறேன். என்ற கை எனக்குத் தனியா வேணும்."

சொல்லிவிட்டு அப்போதுதான் என் மணிக்கட்டை உதறி விட்டாள். சிவந்து போயிருந்தது.

"எனக்கும் முழுசாப் போடுங்க" என்றேன் நான். அவளுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா?

பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், வெள்ளைச் சேலைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கின்றன. சண்டை போட்டுக்கொண்ட ஜோடியும் நிற்கிறது. ஆகாது என்று சொன்ன ஜோடியும் நிற்கிறது. வரியைக் குறை என்று கேட்டு வரிசை நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏற்று என்று நின்றவர்கள் நாங்கள்தான்.

ரோட்டில் சேலம் பஸ் ஹாரன் அடித்தது. ஆபீசர் ரோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூடிய பேனாவைத் திறந்தார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. பாவம், நல்ல மனுஷர்.

கணக்கைப் புரட்டி எங்கள் வீடுகளைத் தேடினார். இரண்டிலும் செத்துப்போன அண்ணன் தம்பியின் பெயர்தான் இருந்தது, பக்கத்தில் அரை என்று. அதன்மேல் கோடு அடித்தார். நிமிர்ந்து ராமாயி அக்காவிடம், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் ஒரு விநாடி தடுமாறிவிட்டாள். அந்தக் களத்தில் அத்தனை பேர் முன்னால் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. இன்னார் மருமகள், இன்னார் பொண்டாட்டி, இன்னார் வீட்டு அரை வரி, இப்படித்தான் ஊருக்கு எங்களைத் தெரியும். அவள் தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டு, "ராமாயிங்க" என்றாள். அவர் எழுதினார். எழுதி முடிக்கும் வரைக்கும் அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பாவாயி" என்றேன், வேப்பமரத்தடி வரைக்கும் கேட்கும்படி.